பூனையை நாய் கலைக்குது

"சேர், இவன் விசுவல் லேர்னர். படம் போட்டுக் காட்டினாத்தான் மண்டைக்குள்ள ஏறும்."

சென்ற ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை காலை, இலண்டன் ஹரோவில் ஒரு வீட்டுக் குசினி மேசையில் எனக்கு ஒரு புதிய மாணவன் இப்படித்தான் அறிமுகமானான். பதின்மூன்று வயது. தாய் யாழ்ப்பாணத்தவர், ஆஸ்பத்திரியில் இரவு வேலை. மகனுக்கு இலத்தீன் ரியூசன் வேண்டும். மேசையில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் இருநூறுக்கு மேல் அட்டைகள். எழுவாய் நீலம், செயப்படுபொருள் சிவப்பு, வினை பச்சை. ஒவ்வொன்றிலும் ஒரு படம். வேலையால் வந்து நித்திரை முழித்து அவரே வெட்டி ஒட்டியவை. பாடசாலையில் நிரப்பிய ஏதோ ஒரு வினாக்கொத்து மகனைக் 'காட்சிவழி கற்பவன்' என்று சொல்லிவிட்டதாம். அன்றைக்குத் தொடங்கிய வேலை.

நான் ஒரு கடதாசியில் மூன்று சொல் எழுதினேன். ஃபேலெம் கனிஸ் ஃபுகத். மூன்றும் அவனுக்குத் தெரிந்த சொற்கள்: பூனை, நாய், கலைக்கிறது. யோசிக்காமல் எழுதினான், பூனை நாயைக் கலைக்கிறது என்று.

"ஏன் அப்பிடி?"

"பூனைதானே முதல்ல நிக்குது."

"சரி, நான் தமிழில சொல்லுறன் கேள். பூனையை நாய் கலைக்குது. இப்ப ஆர் ஓடுது?"

"பூனை."

"பூனைதானே முதல்ல நிக்குது. பிறகு ஏன் அது ஓடுது?"

வாயைத் திறந்தான், மூடினான். அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்மம்மா கரண்டியோடு திரும்பி, "பூனையை எண்டெல்லோ சேர் சொன்னவர்" என்றார், அந்த 'ஐ'யைக் கொஞ்சம் இழுத்து. பையன் பென்சிலை எடுத்தான். நான் கேட்காமலே, 'ஃபேலெம்' என்ற சொல்லின் வாலில் நின்ற 'எம்' மீது ஒரு வட்டம் போட்டான்.

அவனுடைய கண்ணில் ஒரு குறையும் இல்லை. அது பார்த்த இடம்தான் பிழை. ஆங்கிலத்தில் முதலில் நிற்பவர்தான் வேலையைச் செய்பவர். பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் ஆங்கிலத்தில் படித்த பிள்ளைக்கு அது எலும்பில் ஊறிய பழக்கம். இலத்தீனில் யார் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லின் வால் சொல்லும், தமிழில் போலவே. இதை இருநூறு வண்ண அட்டையும் அவனுக்குச் சொல்லவில்லை. மாறாக, நிறம்தான் விடையைச் சொல்லிக்கொண்டிருந்தபடியால் வாலைப் பார்க்கவேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை. பரீட்சைத் தாளில் நிறம் இருக்காது.

தனிப்பட்ட ரியூசன் என்றால் பிள்ளையின் கண்ணுக்கோ காதுக்கோ அளவெடுத்துப் பாடத்தைத் தைத்துக் கொடுப்பது என்ற நம்பிக்கை எங்கள் சனத்திடம் நன்றாக வேரூன்றிவிட்டது. ரியூசன் நிலையங்கள் அதைச் சொல்லியே பிள்ளை சேர்க்கின்றன. இருபத்தைந்து வருடமாக வீடு வீடாகப் போய் இலத்தீன் படிப்பிக்கும் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருப்பதற்கு நான் கண்ட நியாயம் ஒன்றுதான்: அந்தப் பிள்ளை விடும் பிழை எங்கிருந்து வருகிறது என்று அந்த இடத்திலேயே பிடிக்கலாம்.

யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு இலத்தீன் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 1968-இல், பன்னிரண்டு வயதில், என்னைச் சிறிய குருமடம் ஒன்றில் சேர்த்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே முடிந்து, கோவிலில் பூசை தமிழுக்கு மாறிவிட்டது. ஆனாலும் குருமாணவருக்கு இலத்தீன் பாடம் விடவில்லை. பதினெட்டுப் பெடியள் ஒரே குரலில் 'ரோசா, ரோசே, ரோசே, ரோசாம்' என்று வேற்றுமைகளை ஓதுவோம். சுவாமியின் கையில் பிரம்பு. எல்லாருக்கும் ஒரே முறை, ஒரே வேகம். ஒரு வருடத்துக்குள் பாதிப்பேருக்கு இலத்தீன் என்றால் வயிற்றைக் கலக்கும்.

எனக்கும்தான். 'அப்லேட்டிவ்' என்ற ஒரு வேற்றுமையில் மாதக்கணக்காக மாட்டிக்கொண்டு நின்றேன். ஒருநாள் பின்னேரப் படிப்பு முடிந்து மற்றவர்கள் பந்தடிக்கப் போனபிறகு சுவாமி என்னை மறித்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். "தமிழ் வேற்றுமை எட்டையும் சொல்லு" என்றார். எழுவாய், ஐ, ஆல், கு, இன், அது, கண், விளி என்று ஒப்புவித்தேன். சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் எட்டையும் எழுதி, பக்கத்தில் இலத்தீனின் ஆறையும் எழுதினார். எழுவாய்க்கு எழுவாய், ஐக்கு ஐ, குவுக்குக் கு, அதுவுக்கு அது, விளிக்கு விளி என்று ஐந்து கோடு கிழித்தார். தமிழ்ப் பக்கத்தில் மூன்று மிஞ்சின: ஆல், இன், கண். இலத்தீன் பக்கத்தில் ஒன்று மிஞ்சியது. மூன்றிலிருந்தும் அந்த ஒன்றுக்குக் கோடு கிழித்துவிட்டுச் சுண்ணக்கட்டியை வைத்தார்.

கிளாதியோ என்றால் வாளால். ரோமா என்று ஈற்றை நீட்டினால் ரோமிலிருந்து. இன் சில்வா என்று அதேபோல நீட்டினால் காட்டில். மூன்று பானையில் நாங்கள் வைத்திருப்பதை அவர்கள் ஒரே பானையில் வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஐந்து வருடம் அந்தக் குருமடத்தில் இருந்தேன், குருவாக வரவில்லை. எண்பதுகளில் இலண்டனுக்கு வந்து பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்துகொண்டே செவ்வியல் மொழிப் பட்டம் படித்தேன். அங்கே ஆங்கிலப் பிள்ளைகள் அப்லேட்டிவோடு மல்லுக்கட்டியபோதெல்லாம் அந்தக் கரும்பலகையின் மூன்று கோடுதான் எனக்கு ஞாபகம் வரும்.

சுவாமி அன்றைக்கு என் 'கற்றல் பாணி'யைப் பார்க்கவில்லை. கரும்பலகையில் எழுதியபடியால் அதைக் காட்சிவழி என்பதா, என்னை ஒப்புவிக்கச் சொன்னபடியால் கேள்விவழி என்பதா? என்னிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தார், அதில் புதியதைக் கொளுவினார்.

இது அவர் கண்டுபிடித்த உத்தியும் அல்ல. தமிழும் இலத்தீனும் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்துப் படித்த கதை பழையது. ஜெர்மானிய மதகுரு சீகன்பால்க் தமிழ் இலக்கணம் ஒன்றை இலத்தீனில் எழுத, அது 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. இத்தாலியக் குருவான வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத்தமிழுக்கு, எழுதிய இலக்கணமும் இலத்தீனில்தான். தரங்கம்பாடியில் 1738-இல் அச்சேறியது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனுக்குக் கொண்டுபோனார். இலத்தீன் தெரிந்த குருமாருக்கு இலத்தீன் வழியாகத் தமிழைச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாதையில் நான் மறுபக்கமிருந்து நடக்கிறேன்.

அந்த வழியில் ஹரோப் பையனுக்குக் காட்ட எத்தனையோ கிடக்கின்றன. 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்பதை இலத்தீன்காரன் 'மிஹி எஸ்த் ஃப்ராதெர்' என்பான். மிஹி என்றால் எனக்கு. ஆங்கிலத்தில் தம்பியை 'வைத்திருக்க' வேண்டும். தமிழிலும் இலத்தீனிலும் தம்பி எனக்கு இருக்கிறான். 'எனக்குப் பிடிக்கும்' என்பது 'மிஹி பிளகெத்'. இங்கேயும் நான் எழுவாய் இல்லை, பிடித்த பொருள்தான் எழுவாய். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் போகும். வீட்டில் அம்மம்மாவோடு தமிழ் கதைக்கும் பிள்ளைக்கு ஒரு வசனம் போதும். 'இங்கிலிஷில மட்டும் கதை, அப்பதான் படிப்பு வரும்' என்று பிள்ளையின் வாயை அடைக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். தூக்கிப்போட்ட சாமானில்தான் திறப்பு இருக்கிறது.

இனி அந்த வினாக்கொத்துக்கு வருவோம். காட்சிவழி, கேள்விவழி, வாசிப்புவழி, செயல்வழி என்ற நால்வகைப் பிரிப்பைப் பிரபலமாக்கியவர் நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங். 1992-இல் அவர் வெளியிட்ட வினாக்கொத்து உலகம் சுற்றியது. அதுபோல எத்தனை வகைப்பாடுகள் புழக்கத்தில் இருக்கின்றன என்று 2004-இல் பிரித்தானிய ஆய்வாளர் குழு ஒன்று தேடியபோது 71 கிடைத்தன. மனிதரைப் பிரிக்க எழுபத்தொரு வழி இருக்கிறதென்றால் ஒன்றும் சரியாகப் பிரிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

2008-இல் அமெரிக்க உளவியலாளர் ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று சகாக்களும் நேர்மையான ஒரு சோதனையைச் சொன்னார்கள். 'காட்சிப் பிள்ளைகள்' என்றும் 'கேள்விப் பிள்ளைகள்' என்றும் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் பாதிக்குப் படத்தாலும் பாதிக்குக் குரலாலும் படிப்பித்து, எல்லாருக்கும் ஒரே பரீட்சை வையுங்கள். காட்சிப் பிள்ளைகள் படத்தாலும் கேள்விப் பிள்ளைகள் குரலாலும் கூடிய புள்ளி எடுத்தால்தான் கதை உண்மை. அப்படி முறையாகச் செய்த ஆய்வுகளே மிகச் சொற்பமாகத்தான் இருந்தன. அவற்றிலும் சில நேர் எதிராகச் சொல்லின. வகுப்பறைக்குக் கொண்டுபோகப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதி முடித்தார்கள்.

ஆனால் நம்பிக்கை அசையவில்லை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், கேட்கப்பட்ட பிரித்தானிய ஆசிரியர்களில் 93 சதவீதத்தினர், தனக்குப் பிடித்த பாணியில் கிடைத்தால் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆசிரியர்களையே குறை சொல்லி என்ன பயன்? கேட்க இனிமையான நம்பிக்கை அது. 'உங்கட பிள்ளை படிக்கேல்லை' என்பதைவிட 'உங்கட பிள்ளைக்கு ஏற்றமாதிரிப் படிப்பிக்கேல்லை' என்பது தாயின் காதில் ஆறுதலாக விழும்.

அந்த ஆறுதலுக்கு ஒரு விலை உண்டு. மூன்றாம் கிழமை நான் அந்தப் பையனிடம் ஒரு பந்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். "சேர், நான் ஓடியோ லேர்னர் இல்லை" என்றான். பகிடிக்கு இல்லை, உண்மையாகத்தான் சொன்னான். பதின்மூன்று வயதில் தன் காதுக்குத் தானே ஓய்வூதியம் கொடுத்துவிட்டான்.

இலத்தீனைப் பொறுத்தவரை பாடம்தான் புலனைத் தீர்மானிக்கும். சொல்லின் ஈற்றைப் பிடிக்கக் கண் வேண்டும். ஒரே எழுத்து நீண்டால் ஒரு வேற்றுமை, குறுகினால் இன்னொன்று. சாதாரணமாக அச்சில் அந்த நீளம் தெரியாது, காதில்தான் விழும். ரோமக் கவி வேர்ஜிலின் செய்யுளுக்கு நெடில், குறில் அளவுதான் உயிர், எங்கள் யாப்பைப் போல. அதைப் படம் போட்டுக் காட்டமுடியாது, மேசையில் தட்டித்தான் காட்டவேண்டும். பழைய ரோம நகரான பொம்பேயில் வீட்டு முற்றம் எப்படி இருந்தது என்பதை மணிக்கணக்காகப் பேசி விளங்கவைக்கமுடியாது. ஒரு படம் போதும். ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் கண், காது, கை மூன்றும் வேண்டும்.

அப்படியென்றால் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசமே இல்லையா? ஏன் இல்லை! என்னிடம் வந்த ஓர் ஆங்கிலப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா. சொல்லின் தலையைப் பார்த்துவிட்டு வாலை ஊகித்துவிடுவாள். அவளுக்கு இருந்தது பாணி அல்ல, பெயர் வைத்துக் கண்டறிந்த சிரமம். 'அவளுக்குக் கேள்விவழியில் படிப்பியுங்கள்' என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். கேட்டே படித்தால் பரீட்சைத் தாளை யார் வாசிப்பது? ஓர் அடிமட்டத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லின் தலையையும் மறைத்தேன். வாலை மட்டும் முதலில் வாசி, அதைச் சத்தமாகச் சொல், பிறகு அடிமட்டத்தை எடு. பத்துச் சொல்லுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. அவளுக்கு மிகக் கடினமான இடத்தைச் சுற்றிப் போகாமல் அதன் வழியாகவே கூட்டிப்போனேன். நல்ல வேளையாக, இலத்தீனில் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கலாம், ஆங்கிலத்தைப் போலப் பொறி வைக்காது.

இன்னொருவர் எழுபது கடந்த அம்மா. கோவில் பாடகர் குழுவில் ஐம்பது வருடமாக இலத்தீனில் பாடுகிறார், சாவதற்கு முன் என்ன பாடுகிறேன் என்று தெரியவேண்டும் என்றார். அவருக்கு நான் திருச்சபை உச்சரிப்பில் படிப்பிக்கிறேன். சிசெரோ என்ற பெயரைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் 'கிகெரோ' என்று சொல்லும் நான் அவரிடம் 'ச்சிச்செரோ' என்பேன். நோக்கம் வேறு, அதனால் பாடமும் வேறு. முன்னறிவு, சிரமம், நோக்கம், இப்போது நிற்கும் இடம்: பிள்ளைக்குப் பிள்ளை மாறுபவை இவை. எதையும் பத்துக் கேள்வி வினாக்கொத்து கண்டுபிடிக்காது. பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும்.

பக்கத்தில் இருப்பதற்குப் பலன் உண்டு என்பதில் ஆராய்ச்சியாளரும் ஒத்துப்போகிறார்கள். 1984-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதிய கட்டுரை பிரசித்தமானது: தனியாசிரியரிடம் படித்தவர்களில் சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதமானோரைத் தாண்டினார். பிற்கால ஆய்வுகளில் அவ்வளவு பெரிய இடைவெளி கிடைக்கவில்லை, ஆனால் பலன் பலன்தான். இதில் கவனிக்கவேண்டியது, அந்தப் பிள்ளைகளைப் பாணி பார்த்துப் பிரிக்கவில்லை. அடிக்கடி சின்னச் சோதனை வைத்தார்கள், பிழையைக் காட்டினார்கள், திருத்தியபிறகே அடுத்த பாடத்துக்குப் போனார்கள்.

இங்கேதான் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது. மணித்தியாலத்துக்கு முப்பது பவுண் வாங்கிக்கொண்டு இதையெல்லாம் சொல்கிறேன். இலத்தீன் இந்த நாட்டில் எப்போதுமே காசுள்ளவர் பாடம். 11 முதல் 14 வயது வகுப்புகளில் தனியார் பாடசாலைகளில் 49 சதவீதத்திலும் அரச பாடசாலைகளில் 2.7 சதவீதத்திலும்தான் இலத்தீன் இருக்கிறது என்று 2021-இல் அரசே சொன்னது. அந்த வெட்கத்தில் 40 இலட்சம் பவுண் ஒதுக்கி, 40 அரச பாடசாலைகளை இலக்கு வைத்து ஒரு திட்டம் அறிவித்தார்கள். 2022-இல் வகுப்புகள் தொடங்கின. 2025 பெப்ரவரியோடு, கல்வியாண்டின் நடுவில், பரீட்சைக்குப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போதே பணத்தை நிறுத்திவிட்டார்கள்.

வகுப்பில் முப்பது பேரை வைத்திருக்கும் ஆசிரியரிடம் ஒவ்வொருவருக்கும் பாணி பார்த்து நாலு வகைப் பாடம் தயாரிக்கச் சொல்வது அநியாயம். அந்த நேரத்தில் முப்பது கொப்பியைத் திருத்தி, யார் எந்த வாலில் தவறுகிறார்கள் என்று குறித்து, பிந்திய மூன்று பேரோடு பத்து நிமிடம் இருக்கலாம். என் சுவாமிக்குப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பத்து நிமிடம் எனக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது இப்போது நினைத்தாலும் கசப்புத்தான்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ரியூசனுக்கு ஆள் தேடும்போது, 'என் பிள்ளையின் பாணிக்குப் படிப்பிப்பீர்களா' என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஓம் என்பார்கள். ஆறு கிழமை கழித்து, 'என் பிள்ளை இப்போது எந்தப் பிழையைத் திரும்பத் திரும்ப விடுகிறது, ஏன்' என்று கேளுங்கள். 'கெட்டிக்காரன், கொஞ்சம் கவனம் காணாது' என்று பதில் வந்தால் உங்கள் காசு வீண். 'எழுவாய் பன்மையாக வந்தால் வினையை ஒருமையில் விட்டுவிடுகிறான், வினையைக் கடைசிவரை பார்க்காமல் எழுதுகிறான்' என்று வந்தால் அந்த ஆளை விடாதீர்கள்.

அந்த அட்டைப் பெட்டி வீண்போகவில்லை. நிறங்களை மறைத்து மறுபக்கம் திருப்பி, பையனே பென்சிலால் சொற்களை எழுதினான், பார்க்காமல், நினைவிலிருந்து. முதல் கிழமை இருபதில் ஏழு. பரீட்சைக்கு ஏறத்தாழ 450 சொல் வேண்டும். இன்னும் தூரம் இருக்கிறது. தாய் முதலில் முகத்தைச் சுளித்தார், அவ்வளவு பாடுபட்டு நிறம் தீட்டியவர் அல்லவா. பிறகு அவரே விடைகளைக் கேட்கும் பரிசோதகரானார்.

போன சனிக்கிழமை போனபோது பத்து வசனம் கொடுத்தேன். பூனை, நாய் விவகாரத்தில் இப்போது தடுமாற்றம் இல்லை. வசனத்தை எப்படிப் புரட்டிப்போட்டாலும் வாலைப் பிடித்துவிடுகிறான். ஆனால் நாலு பிழை. நாலும் அப்லேட்டிவ். 'வாளால்' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'வாளுக்கு' என்று எழுதியிருக்கிறான். இரண்டு வேற்றுமைக்கும் அங்கே ஒரே வால்தான், கிளாதியோ. ஏன் வழுக்கினான் என்று எனக்குத் தெரியும். கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பென்சிலை அவனிடம் கொடுத்து, தமிழ் வேற்றுமை எட்டையும் எழுதச் சொன்னேன். மூன்றாவதில் நின்றுவிட்டான்.

"அம்மம்மா," என்று கூப்பிட்டான், "ஐக்குப் பிறகு என்ன?"